கடைசிப் பாட்டுக்குப் பிறகு அப்பா

நேற்றுக் காலை டெல்லி மயூர் விஹாரில் ஒரு லேபுக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முழங்கை மடிப்பில் தேய்த்தாள். உடனே எனக்கு எலெக்ட்ரிக் கிடார் கேட்டது. வெறும் வயிற்று மயக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் காலத்தில் ராக் இசைக்கு வாசனை உண்டு. அது ஆஸ்பத்திரி வாசனை.

காரணம் சேவியர். லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த பிளாக். அவன் அம்மா நர்ஸ். டேப் ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைக்க அவர் கைப்பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் கடத்தி வருவான். பாட்டுக் கேட்கும் முன் ஆபரேஷனுக்குத் தயாராவதுபோல ஒரு சடங்கு நடக்கும். கூட்டாளிகளில் மூன்றாமவன் கிச்சா. அவனுக்கு எதுவும் போதாது. "இன்னொரு வாட்டி தொடைடா, ட்ரெபிள் சரியா வரலை" என்பான். ட்ரெபிள் என்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தலையாட்டிவிடுவேன். ராக் ரசிகனுக்கு அதைவிட வேறு தகுதி வேண்டியதில்லை.

கச்சேரிக்கும் போயிருக்கிறோம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் குழு டெல்லி ஸ்டேடியத்துக்கு வந்தது. மூவரும் பஸ் பிடித்துப் போனோம், மதில் சுவர் வரைக்கும். டிரம் சத்தம் கொஞ்சமும், போலீஸ்காரர் "சலோ பையா, ஆகே சலோ" என்று விரட்டியது முழுசாகவும் கேட்டது. இப்போது எங்கள் வாட்ஸப் குழுவில் கிச்சா அன்று ஐந்தாவது வரிசையில் நின்றதாக எழுதுகிறான். போன மாதம் அது மூன்றாவது வரிசையாகிவிட்டது. இப்படியே போனால் பென்ஷன் வருவதற்குள் மேடை ஏறிவிடுவான்.

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபோது அந்தக் குழுவில்தான் சண்டை நடந்துகொண்டிருந்தது. எல்லாக் காலத்துக்குமான ஐந்து ஆல்பங்கள் எவை? சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை போடும் ஆட்கள் நரம்பு புடைக்க எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ஆல்பம் மட்டும் எல்லார் பட்டியலிலும் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் "அதைவிட நல்லது ஒன்று உண்டு" என்று நீங்களும் ஆரம்பிப்பீர்கள்.

அதை பஹ்ரைனிலிருந்து லீவில் வந்த சேவியரின் மாமா கொண்டுவந்தார். ஒரே ஒரு நாள் தருவதாகப் பேச்சு. கிச்சா வீட்டில் இரண்டு கேசட் போடுகிற பெட்டி இருந்தது. யாரிடமும் காலி கேசட் இல்லை. எங்கள் வீட்டு அலமாரியில் ஒன்று இருந்தது. ஆனால் காலியில்லை, அப்பா இருந்தார்.

தென்காசியில் என் பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை. கடிதம் படிக்க முடியாது. அதனால் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்திருந்தார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், மத்திய அரசு அமைச்சகத்தில் கோப்புகளோடு மட்டும் உறவாடியவர், அண்ணனிடம் முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். யாரும் அதன்மேல் பதிவு செய்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் பத்திரமாக உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டைகளில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதிவாகும் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தேறாத மூளை இந்த மாதிரிக் காரியத்துக்கு நன்றாக வேலை செய்யும்.

ஆல்பம் நாற்பத்துமூன்று நிமிடத்தில் முடிந்தது. மிச்சமிருந்த இரண்டு நிமிடத்தில் அப்பா பேசினார். மாமாவின் கேசட் ஊர் திரும்பிவிட்டதால் மற்ற இருவரும் என்னுடையதிலிருந்துதான் நகல் எடுத்தார்கள். ஆகவே மூன்று கேசட்டுகளிலும் கடைசி கிடாருக்குப் பின்னால் தென்காசித் தமிழ் ஒட்டிக்கொண்டது. "பய நல்லாப் படிக்கான்" என்று அப்பா அதில் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறை நான் பரீட்சையில் கோட்டைவிட்டபோதும் இரண்டு பேரும் அதை அப்பா குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினார்கள்.

"ஏல, பெரியப்பாவுக்குப் பேசி வச்ச கேசட்டு எங்க?" என்று அப்பா கேட்டார்.

"தெரியலியேப்பா."

இரண்டு நாள் தேடினார். பிறகு யாராவது படித்துக் காட்டட்டும் என்று ஒரு இன்லேண்டு லெட்டர் எழுதிப் போட்டார். டேப் ரிக்கார்டருக்கு முன்னால் அவர் மறுபடி உட்காரவேயில்லை.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். என் கேசட் என்றோ நாடா சிக்கிச் செத்துப்போனது. குழுவில் கேட்டேன், "அந்தக் கேசட் யார்கிட்டயாவது இருக்கா?"

"நான் எல்லாத்தையும் அப்பவே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். இரு, அனுப்பறேன்" என்றான் கிச்சா.

வந்தது. பெஞ்சிலேயே கடைசிப் பாட்டுக்கு ஓட்டிவிட்டுக் கேட்டேன். கிடார் மெல்ல ஓய்ந்தது. அதோடு சரி.

"பாட்டு முடிஞ்ச எடத்துல சாஃப்ட்வேரே வெட்டிடும்டா. நான் கவனிக்கவே இல்லை. கேசட்டெல்லாம் பழைய சாமான் வாங்கற கபாடிக்காரனுக்குப் போட்டாச்சு. சாரிடா."

கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது? நாற்பத்துமூன்று நிமிட அப்பாவை அழித்தவன் நான். மிச்ச இரண்டு நிமிடத்துக்கு அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சற்று நேரத்தில் சேவியரிடமிருந்து குரல் பதிவு வந்தது. கேட்டால் அப்பா பேசியதை அப்படியே ஒப்பிக்கிறான். "அண்ணாச்சி, இங்க குளிரு ஆரம்பிச்சிட்டு. போத்திக்கிட ரஜாய் எல்லாம் எடுத்தாச்சு. பய நல்லாப் படிக்கான். கணக்குல மட்டும்..." ஒரு இருமல். "சரி, அது கிடக்கட்டும்." கிச்சா உடனே பாய்ந்தான். இருமல் அங்கே இல்லையாம், ரஜாய்க்குப் பிறகாம். அவனும் ஒரு பதிவு அனுப்பினான். எது அசல் என்று இருவரும் அரை மணி நேரம் மோதினார்கள். ஐந்து ஆல்பங்களையும் மறந்துவிட்டார்கள்.

கடைசியில் சேவியர் என்னைக் கேட்டான். "நீயே சொல்லு. உங்கப்பா எந்த இடத்துல இருமுவாரு?"

எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் அது முழுக்க ஓடியது. என் வீட்டில் கிடார் ஓய்ந்ததும் அப்பா குரல் வருவதற்குள் நான் ஸ்டாப்பை அமுக்கிவிடுவேன்.