நாற்பத்தெட்டு ரூபாய் டீ

அடுத்த வீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்கிற தொழிலில் ஒரு பெரிய சௌகரியம், நம் வீட்டுக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். இருபதாம் தேதி தாண்டினால் பர்ஸைத் திறக்கவே பயப்படுகிற என் சக ஜீவன்களே, நானும் உங்களில் ஒருத்திதான். ஆனாலும் திருவொற்றியூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் என் கையில் நாற்பது நோட்டுகளைக் கொடுத்து, குடும்பங்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடு என்று அனுப்பியது. நானும் போனேன். அதில் ஒரு வீட்டு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்னும் மனசு ஆறவில்லை.

சிவப்பு வட்டம்

எங்கள் நோட்டில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. வீட்டுப் பெண்கள் வாரம் முழுக்க எழுதி வைப்பார்கள். சனிக்கிழமை நான் போய், ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றுவதையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவேன். அடுத்த வாரத்திலிருந்து அந்தச் செலவு இருக்கக் கூடாது, அந்தக் காசு வீட்டுச் சேமிப்பு டப்பாவுக்குப் போக வேண்டும்.

கஸ்தூரிக்கு ஹவுசிங் போர்டு வீட்டில் இரண்டாவது மாடி. கணவர் ஏழுமலை கன்டெய்னர் யார்டில் தினக்கூலி. மகள் திவ்யா பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அடுத்து நர்சிங் டிப்ளமோ சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்கு நாலு மாதத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் டப்பாவில் மூவாயிரம் இருந்தது. மீதியை இந்த நோட்டை வைத்தே சேர்த்துவிடலாம் என்று நான் அடித்துச் சொன்னேன். கஸ்தூரி நோட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உங்களத்தான் மேடம் நம்பிகினு கீறேன். நீங்க இன்னா சொன்னாலும் செய்றேன்."

பாட்டில் ஷாம்பு

முதல் வாரமே என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். தினம் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் வாங்குகிறாள் என்று பார்த்ததும் வட்டம் போட்டேன். பெரிய பாட்டில் வாங்கினால் மூன்று மாதத்துக்கு வரும் என்று பெருக்கிக் கழித்துக் காட்டினேன். கஸ்தூரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பாட்டிலும் வாங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை பாட்டில் காலி. ஒரே வாரத்தில் ஒரு பாட்டிலா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தூக்கிப் போட்டீர்களா, இல்லை வாயில் ஊற்றிக்கொண்டீர்களா என்றுகூடக் கேட்டேன். கஸ்தூரி சிரித்துவிட்டாள்.

"பாக்கெட்டுன்னா எம் பொண்ணு தலைக்கு மட்டும்தான் மேடம் வரும். யாரும் வந்து கேக்க மாட்டாங்க. பாட்டில்னு தெரிஞ்சா பிளாக்கு முச்சூடும் தலை கீது!"

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இவர்கள் செலவு செய்கிற முறைக்கு ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு ஆளுக்கு நாலு டீ

மூன்றாவது வாரம் கண்ணில் பட்டது அந்த வரி. 'டீ – 48.' ஒரு நாள் இல்லை, ஆறு நாளும். பன்னிரண்டு ரூபாய் டீ நாலு. அன்றைக்கு ஏழுமலை வீட்டில்தான் இருந்தார். லுங்கியைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றார். "என்ன அண்ணே, டீக்கடையை நீங்கள்தான் நடத்துகிறீர்களா?" என்று கேட்டேன். கஸ்தூரியும் திவ்யாவும் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"இல்ல மேடம், சாயங்காலம் அங்க போய் நின்னாத்தான்..." என்று அவர் ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. மாதத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் தொண்டையில் இறங்குகிறது, இது உங்கள் மகள் படிப்பு அண்ணே என்றேன். நோட்டிலேயே மிகப் பெரிய வட்டத்தை அதற்குப் போட்டேன். அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"செரி மேடம். பொண்ணு படிப்புக்குன்னா வுட்டுர்றேன்."

பார்க்காத பக்கம்

அவர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த ஐந்து வாரமும் டீ என்ற வார்த்தையே நோட்டில் இல்லை. மற்ற செலவும் மளமளவென்று குறைந்தது. மீன் போச்சு, பால் போச்சு. நான் பெருமை தாங்காமல் அந்த நோட்டை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

ஷமீம் அக்கா எங்களில் மூத்தவர், வண்ணாரப்பேட்டைக்காரர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் புரட்டினார். நான் வலது பக்கத்தை விரலால் காட்டக் காட்ட, அவர் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் ஆறு நாள் கூலி இருந்த இடத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். தினக்கூலி எண்ணூறு. அந்தப் பக்கத்தை நான் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. எங்களுக்குக் கொடுத்த பயிற்சியே அப்படி, வரவு என்பது வருவது, செலவுதான் நம் கையில் இருப்பது.

"இன்னாமா நீ, செலவு கொறஞ்சிச்சுன்னு குதிக்கிறியே, வாங்கித் துன்ன காசு இல்லாமத்தாம்மா கொறஞ்சிகீது!"

மேஸ்திரியின் கேள்வி

ஏழுமலையை நான் முடிக்க விடாத அந்தப் பேச்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் சாயங்காலமே யார்டு வாசல் டீக்கடைக்குப் போனேன். மேஸ்திரி டீ கிளாஸோடு நின்றார். சுற்றிலும் இருபது முப்பது பேர். டீ குடித்துக்கொண்டே நாளைக்கு யார் யார் வேலைக்கு என்று பெயர் சொன்னார். நின்றவர்களுக்கு வேலை, நிற்காதவர்களுக்கு மிச்சம் மீதி. விசாரித்தால், ஏழுமலை தினம் காலையில் இரண்டு டீ, சாயங்காலம் இரண்டு டீ வாங்கியிருக்கிறார். ஒன்று தனக்கு, ஒன்று மேஸ்திரிக்கு. நான் வட்டம் போட்டது அவர் வேலையின் மேல்.

வெட்கத்தை விட்டு மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். மேஸ்திரி கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். பிறகு, டீ ஆற்றுகிற இடத்தில் நின்ற ஒரு மெலிந்த ஆளைக் கண்ணால் காட்டினார்.

"ஏழுமலை வர்றதில்லன்னுதான் அவன போட்டேன். இப்ப அவன எறக்குனா, அவன் பொண்டாட்டி எந்த மேடத்தாண்ட போய் நிப்பா, சொல்லும்மா?"

வரவுப் பக்கம்

பணம் கட்டும் தேதி வந்தபோது டப்பாவில் பாதிகூட இல்லை. இருந்ததும் வீட்டு வாடகைக்குப் போனது. என்னால் முடிந்ததைப் புரட்டிக் கொடுத்தேன், போதவில்லை. அந்த நர்சிங் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விட்டது. திவ்யா தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பட்டன் தைக்கப் போனாள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை நான் தயங்கித் தயங்கிப் படியேறினால், கஸ்தூரி எப்போதும் போலப் பாய் விரித்து நோட்டை வைத்திருந்தாள். செலவுப் பக்கம் முழுக்க எழுதியிருந்தது. இடது பக்கத்தில் ஒரு வரி மட்டும் காலி. பக்கத்திலேயே மகளின் முதல் வாரச் சம்பளக் கவர், பிரிக்காமல் இருந்தது. நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இவ சம்பளத்த வரவுன்னு எழுத எனக்குக் கை வர்ல மேடம், நீங்களே எழுதிடுங்க."

எழுதினேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறவர்களுக்கு நான் சிக்கனம் சொல்லிக்கொடுத்த அந்த நாலு மாதத்தில், ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வரவு வந்த குடும்பம் என்னுடையது ஒன்றுதான்.