கொட்டகையோடு நிற்க வேண்டிய வாடை

நியூசிலாந்தின் தாரநாக்கியில், பாலிலிருந்து கேசீன் என்னும் புரதத்தைப் பிரிக்கும் ஆலையில் உழைத்துத் தேய்ந்தவர் கிளெம். பாலில் அமிலம் ஊற்றித் திரித்து, கட்டியைக் கழுவிக் காயவைத்துப் பொடியாக்கும் வேலை. அந்தப் புளித்த வாடை தோலிலேயே குடியேறிவிடும். துணி துவைக்கும் கொட்டகையில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட பிறகுதான் மனைவி நோலீன் அவரை வீட்டுக்குள் விடுவாள். ஓய்வு பெற்ற அன்றே பூட்ஸைக் கொளுத்தினார். பிறகு பால் புட்டியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார்.

நோலீன் இடுப்பெலும்பு முறிந்து படுத்ததில் தொடைச் சதையெல்லாம் வற்றிப்போனது. பிடிமானம் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த செவிலி மெரே மேசைமேல் ஒரு டப்பாவை வைத்தாள்.

"கேசீன்."

கிளெம் டப்பாவைத் தள்ளி வைத்தார். "இதையா? இதை நாங்க பசை பண்ணவும் பொத்தான் பண்ணவும்ல அனுப்பினோம்!"

"இது சாப்பிடறதுக்குன்னே செஞ்சது, கிளெம். வயித்துக்குள்ள கட்டியாகி மெதுவாத்தான் கரையும். படுக்கப் போறப்ப குடிச்சா விடிய விடிய சதைக்குத் தீனி. கால் பயிற்சியும் செய்யணும். வெறுமனே குடிச்சா பிரயோசனமில்ல."

அன்று மாலை கிளெம் அந்தப் பொடியைப் பாலில் கலக்கி, வாடையை மறைக்கக் கொல்லையில் விழுந்து கிடந்த, கொய்யா போன்ற ஃபீஜோவாப் பழங்களைப் பிசைந்து சேர்த்தார். ஆயுள் முழுக்கப் பாலில் அமிலம் ஊற்றியவருக்கு அது புளிப்புப் பழம், பாலைத் திரித்துவிடும் என்று தோன்றவில்லை. தம்ளரில் பச்சை நிறத் தண்ணீர் பிரிந்து நிற்க, அதில் வெள்ளைக் கட்டிகள் மிதந்தன. ஆலையே வந்து படுக்கையறையில் நின்றது.

"அடப்பாவி! இத்தனை வருஷம் வெளியில நிறுத்தி வெச்சத கட்டிலுக்கே கொண்டு வந்துட்டியே!"

"பழம் போட்டா வாடை போகும்னு…"

"உன் மூளையத்தான் முதல்ல திரிச்சிருக்காங்க. எங்க, நீ குடி பாப்போம்."

குடித்தார். வழவழவென்று ஒரு கட்டி தொண்டையில் நின்றது. துப்புவதற்குக் கைகழுவும் தொட்டிக்கு ஓடினார். நோலீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி, மைலோ சாக்லேட் பொடி போட்டு வேற கலக்கு. உனக்கும் ஒண்ணு. நான் மட்டும் ஏன் அவதிப்படணும்?"

குளிர்காலம் முழுக்க இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பை விழுங்குவது போலிருந்தது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி.

வசந்தத்தில் மெரே சோதிக்க வந்தாள். நோலீன் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்காரவில்லை. கேசீன் கலக்கும் புட்டியைச் செத்த எலியைப் போல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, தானே நடந்துபோய்க் கொட்டகையில் வைத்தாள்.

"இனிமே இதுக்கு இடம் இங்கதான். அன்னிக்கு உனக்குப் போட்ட சட்டம்தான் இதுக்கும்."