மக்வாலா வாங்கிய வாக்குமூலம்

மக்வாலாவுக்குப் பனியைத் தொட்டாலே தெரிந்துவிடும். எங்கள் மலைச்சாலைக்கு எதிர்ச்சரிவில், இங்குரி ஆற்றுக்கு மேலே இருக்கும் பனிக் கண்காணிப்புக் குடிசையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள். தினமும் விடியலில் இடுப்பளவுக் குழி வெட்டி, பனியை அடுக்கடுக்காகப் பார்ப்பாள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிவாள். தண்ணீர் சொட்டினால் சாலையை மூடச் சொல்லி எழுதித் தருவாள்.

ஏப்ரலில்தான் ஆபத்து. இரவில் இறுகும் மேல்பனி காலை பத்து மணி வரைதான் தாங்கும். பிறகு உருகிய நீர் அடிவரை இறங்கி, அங்கே சர்க்கரை போல உதிரியாய்க் கிடக்கும் பனியை நனைத்துவிடும். சரிவு முழுவதும் மண்ணைச் சுரண்டிக்கொண்டு வழுக்கி வரும்.

போன வருஷம் அப்படியொரு ஏப்ரல். இரவெல்லாம் மேகம் மூடியிருந்ததால் பனி இறுகவே இல்லை. ‘இன்று யாரையும் அனுப்ப வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தாள். சாலை மேலாளர் விசாரியோன் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மதியம் அவளுடைய தம்பி ஜான்சுக்கைச் சாலையில் பனி தள்ளப் புல்டோசரோடு அனுப்பினார். சரிவு இறங்கி அவனை மூடியது. மறுநாள்தான் உடலைத் தோண்டி எடுத்தோம்.

‘குடித்துவிட்டு, உத்தரவில்லாமல் வண்டியை எடுத்துப்போனான்’ என்று விசாரியோன் அறிக்கை எழுதினார். வயிற்றுப் புண்ணால் ஐந்து வருஷமாக ஒரு சொட்டுக்கூடத் தொடாதவன் ஜான்சுக். இன்னொரு புல்டோசர் ஓட்டிய எனக்கு எல்லாம் தெரியும். வேலை போய்விடுமென்று வாயைத் திறக்கவில்லை.

அடக்கத்தன்று மக்வாலா அழவில்லை. விசாரியோன் நீட்டிய கையைப் பார்த்தாள்.

“கைய மடக்கிக்கங்க. உண்மைய உங்க வாயாலயே சொல்ல வைக்கிறேன். அதுவரைக்கும் இந்தத் துக்கக் கறுப்புத் துணியக் கழட்ட மாட்டேன்.”

அதன்பிறகும் தினமும் அவருக்குப் பனி நிலவரம் சொன்னாள். அதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.

இந்த ஏப்ரலிலும் அவர் மாறவில்லை. பத்து மணிக்கு மேல் வேண்டாமென்று அவள் சொல்லியும், பதினொன்றுக்குத் தனியாக ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் பணிமனை வயர்லெஸ்ஸில் அவர் குரல் கேட்டது. நாங்கள் ஆறு பேர் அங்கே இருந்தோம். மக்வாலா எதிர்ச்சரிவுக் குடிசையிலிருந்து பதில் சொன்னாள்.

“மக்வாலா, பின்னாடி பனி சரிஞ்சு ரோட்ட அடைச்சிருச்சு. மேல என்ன தெரியுது?”

“முன்னாடி சரிவுல குறுக்க ஒரு விரிசல். அகலமாயிக்கிட்டே வருது.”

“நான் எந்தப் பக்கம் ஓடணும்? சீக்கிரம் சொல்லும்மா.”

“சொல்றேன். ஜான்சுக்க அனுப்புனது யாரு?”

“இதையெல்லாம் பேசற நேரமா இது?”

“எனக்கு ஒரு வருஷமா இதே நேரந்தான்.”

“பொண்ணே, எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு.”

“எனக்குத் தம்பி இருந்தான். வயர்லெஸ்ல எல்லா ஊரும் கேட்டுக்கிட்டிருக்கு. சொல்லு.”

அவரை அவள் ஒருமையில் அழைத்தது அன்றுதான் முதல் தடவை.

“நான்தான் அனுப்புனேன். வேணாம்னு நீ எழுதிக் குடுத்த தாள் எங்கிட்டதான் இருக்கு. அவன் குடிக்கல.”

“ஜீப்ப விட்டுட்டு ஆத்துப் பக்கம் இறங்கு. அம்பது அடியில ஒரு கறுப்புப் பாறை. அதுக்குக் கீழ ஒட்டி உட்காரு. ஓடு.”

அடுத்த நிமிஷம் சரிவு இறங்கியது. ஜீப் ஆற்றுக்குப் போனது. பனி இறுகிய பிறகு, மறுநாள் காலை அவரைக் கயிறு கட்டித் தூக்கினோம். மக்வாலாவும் வந்திருந்தாள்.

“நான் சொல்லாம இருந்திருந்தா, என்னைச் சாக விட்டிருப்பியா?” என்று கேட்டார்.

“எனக்கே தெரியல. நீயும் தெரியாமலே இரு.”

அறிக்கையைத் திருத்தினார்கள். விசாரியோன் வேலையை விட்டுச் சமவெளிக்குப் போனார். போகுமுன், போன உயிருக்கு ஈடாக எங்கள் மலை வழக்கப்படி, சமாதானம் பேச ஊர்ப் பெரியவர்கள் மூலம் ஒரு காளையை அனுப்பினார். அதை வாசலிலேயே திருப்பி ஓட்டிவிட்டாள்.

கறுப்பைக் கழற்றினாள். ஆனால் அன்று வயர்லெஸ் பக்கத்தில் இருந்த எங்கள் யாரோடும் அவள் பேசுவதில்லை. அவரே சொல்லும்வரை எங்களில் ஒருவரும் அந்த உண்மையைச் சொல்லவில்லையே. நான் ஒரு தடவை மன்னிப்புக் கேட்கக் குடிசைக்கு ஏறிப் போனேன். குழிக்குள் நின்று பனியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி மண்வெட்டியை எடுத்தாள்.