யோகேஸ்வரியின் முடி

வேலாயி அத்தைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீடு. வயது எழுபத்துமூன்று. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். ஆனால் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் பினாங்கில் இருந்த பதினோரு மாதத்தைத்தான் சொல்வார். அதையும் பாதியில் நிறுத்திவிடுவார்.

1972இல் அங்கே ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டருக்கு நினைவகம் கோத்தார். கடுகைவிடச் சிறிய காந்த வளையங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மயிரிழைச் செம்புக் கம்பியை நுழைக்க வேண்டும். உள்ளங்கையளவு சட்டம் ஒன்றில் நாலாயிரம் வளையத்துக்கு மேல். “கரண்ட் போனாலும் இது மறக்காது” என்று சூப்பர்வைசர் சொன்னாராம்.

ஒரு சட்டத்துக்கு இரண்டு பெண்கள். பகலில் அத்தை, மாலை ஷிப்டில் யோகேஸ்வரி, இதே தோட்டத்துப் பெண். அத்தை விட்ட இடத்தில் தன் தலைமுடி ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் யோகேஸ்வரி தொடங்குவாள். அது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த அடையாளம்.

ஒரு சட்டம் சோதனையில் தேறவில்லை. எங்கோ ஒரு வளையத்தைக் கம்பி தாண்டிப் போயிருந்தது. சட்டம் யோகேஸ்வரியின் மேசையில் இருந்ததால் வேலை போனது அவளுக்கு. தோட்டத்துக்குத் திரும்பிய ஆறாம் மாதம் காய்ச்சலில் செத்துப்போனாள். கழித்துப்போட்ட சட்டத்தை அத்தை எடுத்து வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே அந்தச் சட்டம். பனியில் எதிர்மலை தெரியவில்லை.

“நீதான் கம்ப்யூட்டர் படிச்ச புள்ளையாச்சே. யாரு தப்புன்னு பாத்துச் சொல்லுலா.”

“இப்ப எதுக்கு அத்தை?”

“பனி இறங்குனா யோகேஸ்வரி வந்து எதிர்ல குந்துறா. ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறா. தலையக் குனிஞ்சு கோத்துக்கிட்டே இருக்கா. கேட்டாலாவது பதில் சொல்லிப்புடுவேன்.”

கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கி வரிசை வரிசையாகப் பார்த்தேன். செம்பு மங்கியிருந்தது. முடி மட்டும் இன்னும் கறுப்பு. தவறு அந்த முடிக்கு ஒன்பது வரிசை முன்னால் இருந்தது. அத்தை கோத்த பக்கம்.

இந்த வயதில் இதைத் தெரிந்து அவர் என்ன செய்வார்? இதைச் சொல்லத்தான் படித்தேனா?

“தெரியலை அத்தை. ரொம்பப் பழசாயிருச்சு.”

அத்தை என்னையே பார்த்தார்.

“அன்னைக்கு சூப்பர்வைசர் கேட்டப்ப நானும் இதத்தான் சொன்னேன், தெரியலைன்னு. அவ பக்கத்துலதான் நின்னா. அவ அந்த முடியக் காட்டியிருந்தா என் வேலை போயிருக்கும். காட்டல.”

“தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேட்டீங்க?”

“எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் போயிட்டா அது அவ தப்பாவே நின்னுரும்லா.”

டின்னை வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் காந்த நினைவகத்துக்கு ஒரு குணம் உண்டு. படித்தால் அழிந்துவிடும், படித்த உடனே அதையே திரும்ப எழுதிவிட வேண்டும். தேர்வில் அதற்கு இரண்டு மதிப்பெண் வாங்கினேன்.

இன்று காலையும் பனி இறங்கியது. எதிர் நாற்காலியை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன்: முடிக்கு ஒன்பது வரிசை முன்னால். யோகேஸ்வரியின் தவறு இல்லை.