பீரோவில் வைத்த காக்னாக்

புதுத்துணியை ஊறவைக்காமல் கத்திரி போடமாட்டார் தையல்காரர். எதிலும் அவசரம் கிடையாது. ஒரு வாடிக்கையாளர் பரிசாகக் கொடுத்த காக்னாக் பிராந்தியையும் எட்டு வருடம் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். மகன் விரும்பிய பெண்ணின் அப்பா, கப்பல் மதுக்கூடத்தில் வேலை பார்த்தவர், முன்பே இருமுறை இந்தச் சம்பந்தத்தை முகத்தில் அடித்தாற்போல் மறுத்திருந்தார். கடைசி முயற்சியாகத் தையல்காரர் மனைவி, மகனோடு அவர் வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டிலை இன்று அவர் முன் வைத்தார்.

“வி.எஸ்.ஓ.பி. ரகங்க. கைக்கு வரும்போதே இதுக்கு வயசு நாலு வருஷம், நம்ம பீரோவுல எட்டு. உசத்தி ரகம் எக்ஸ்.ஓ.வுக்கே பத்துதானே? அதையும் தாண்டிடுச்சு.”

பெண்ணின் அப்பா லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

“மரப்பீப்பாயில இருக்கிறவரைக்கும்தான் இதுக்கு வயசு ஏறும். பாட்டில்ல அடைச்சா நின்னுடும். இதுக்கு இன்னும் அதே நாலுதான். என்னை ஏமாத்தப் பாக்கறீங்களா?”

தையல்காரரின் மனைவி குறுக்கிட்டாள்.

“ஏமாத்தத் தெரிஞ்சா இந்நேரம் மூணு கடை வச்சிருப்பாருங்க. ஒரு சொட்டு கேட்டதுக்கு என் தம்பியோடயே சண்டை போட்ட மனுஷன் இவரு.”

“எட்டு வருஷமா நீங்களும் தொடலையா?” என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

“தொடலைங்க” என்றார் தையல்காரர்.

பெண்ணின் அப்பா பிரிக்காத சீலைத் தடவிப் பார்த்துவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“கிளாஸ் எடுத்துட்டு வாம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க.”