தொங்கிய கார்க் கதவும் என் மேல் விழுந்த பழியும்

ஓடுகிற காரிலிருந்து நான் விழுந்ததற்குக் காரணம் நீதான். போளூரில் டிங்கர் பட்டறை வைத்திருக்கிற நீ. கதவு சாத்தத் தெரியாதவள் என்று எனக்குப் பட்டம் கட்டிவிட்டு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறாய்.

எங்களுடையது பழைய அம்பாசிடர். ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் எங்கள் பிழைப்பு. என் வீட்டுக்காரர் அந்தக் காரை வாடகைக்கும் ஓட்டுகிறார். கதவுக்குக் கீழே ஓடுகிற தகடு துருப்பிடித்துப் பொத்தலாகிவிட்டதால் உன்னிடம் விட்டோம். பார்க்க வந்த அன்று, நீ சக்கரங்களைக் கழற்றி, வண்டியின் நடு வயிற்றில் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தாய். அந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் வைத்தாய். அந்த நிலையிலேயே கதவையும் மாட்டினாய். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வண்டியை எடுக்கப் போனபோது பெயின்ட் பளபளத்தது. முன்பக்க இடது கதவு மட்டும் சேரவில்லை.

"இன்னாண்ணா, கதவு ஒட்ட மாட்டேங்குதே?" என்று கேட்டேன்.

"புது ரப்பரும்மா. ஓங்கி சாத்துங்க, போகப்போக செட்டாய்டும்" என்றாய்.

ஓங்கித்தான் சாத்தினேன். படவேடு தாண்டி மலை ஏறுகிறோம். முன்சீட்டில் அந்தக் கதவோரம் நான், பின்சீட் நிறைய சொந்தக்காரர்கள். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி முறுக்கிக்கொண்டு திரும்பியது, கதவு தானாகத் திறந்தது. நான் வெளியே போனேன். வண்டி மெதுவாக ஏறிக்கொண்டிருந்ததால் முழங்கையும் தோள்பட்டையும் தோல் உரிந்ததோடு போயிற்று. அந்தப் பக்கம் பள்ளம். அவ்வளவுதான் சொல்வேன்.

கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி உன் பட்டறைக்கு வந்தோம். பட்டறை நிறைய ஆட்கள். நீ கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மலையில வூட்டுக்கு படல்தான கட்டியிருப்பீங்க? படலை இழுத்து சாத்துற மாதிரி கார் கதவ சாத்தினா அது இன்னா பண்ணும்? அண்ணே, அண்ணிய பின்னாடி குந்த வெச்சி இட்டுக்கினு போ."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதை அவருக்கு நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தப் பேச்சு எனக்கு முன்னால் மலை ஏறிவிட்டது. ஜமுனாமரத்தூர் சந்தையில் புளி கொண்டுபோய் வைத்தால், "அக்கா, வூட்டுப் படல சாத்திட்டு வந்தியா?" என்று கேட்கிறார்கள். ஒரு கட்டத்தில் நானே நம்பிவிட்டேன். சரியாகச் சாத்தாமல் விட்டது நான்தானோ என்று. காரில் ஏறாமல் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். அதற்காகத்தான் உன் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம். காயம் ஆறிவிட்டது, என்னை என் மேலேயே சந்தேகப்பட வைத்தாயே, அது ஆறவில்லை.

படலைப் பற்றி நீ பேசியது எனக்கு ஒரு விதத்தில் உதவியது. எங்கள் ஆட்டுக் கொட்டகையின் மூங்கில் படல் தொங்கிப்போனால், யாரும் அதை ஓங்கிச் சாத்த மாட்டார்கள். நுனியைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்துவார்கள். ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது கார் ஞாபகம் வந்தது. நேராகப் போய்க் கார்க் கதவின் நுனியைத் தூக்கிச் சாத்தினேன். சத்தமில்லாமல் சேர்ந்தது. தூக்காமல் சாத்தினால், அடியில் உரசியது. கதவுப் பூட்டின் நாக்கு, சட்டத்திலிருந்த கொண்டியில் பாதிதான் மாட்டியது.

மேலே இருந்த இடைவெளியை நீ பட்டி மாவு பூசி மறைத்திருந்தாய். ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். கட்டிகட்டியாக உதிர்ந்தது.

"கட்டை மேல தூக்கி வெச்சி கதவ மாட்டிக்கீறான். கீழ எறக்குனதும் வண்டி நடுவுல உட்காந்துக்கிச்சி, கதவு தொங்கிடுச்சி" என்றேன்.

என் வீட்டுக்காரர் பட்டியைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "படுபாவி" என்றார். ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

வண்டியைச் சமதளத்தில் சக்கரத்தின் மேல் நிறுத்தினோம். கீலின் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். அவர் கதவின் நுனியைத் தூக்கிப் பிடித்தார், நான் முறுக்கினேன். சரிவரவில்லை. மறுபடி தளர்த்தினோம், மறுபடி முறுக்கினோம். பொழுது சாய்வதற்குள் கதவு ஒரு விரல் தள்ளலில் சாத்திக்கொண்டது. அதே வளைவில் நான் முன்சீட்டில் உட்கார்ந்து போய்வந்தேன். அது அசையவில்லை.

அவர் காரை ஓட்ட, உன் பட்டறைக்கே வந்தேன். உன் எதிரில் விரலால் சாத்திக் காட்டினேன். நீ என்ன சொன்னாய்?

"பாத்தியாண்ணே, இப்ப அண்ணி சாத்தக் கத்துக்கினாங்க."

மறுபடி சிரிப்பு.

உன் பட்டறையில் நியாயம் கேட்டு இனி நான் வரமாட்டேன். அங்கே இருப்பவர்கள் உன் ஆட்கள். சந்தை நாளில் நீ ஜமுனாமரத்தூருக்கு ஏறி வா. புளிக் கடைகளுக்கு நடுவே கார் நிற்கும், நானும் நிற்பேன். என்னைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள். அந்தக் கதவு திறந்தது யாருடைய வேலையால்? அவர்கள் காதில் விழும்படி, உன் வாயால் பதில் சொல்.