ஜெயலட்சுமி சொன்ன ஒரு ‘ஹௌது’

பேச்சுச் சிக்கல் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் சிலர் ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறோம். அங்கேதான் ஜெயலட்சுமி வந்தாள். சொந்த ஊர் செஞ்சிப் பக்கம், பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலை. மகன் ரகுவுக்கு ஆறு வயது. காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் புரியும், வார்த்தைதான் பாதி பாதியாக வரும். பயிற்சி கொடுத்தால் தேறிவிடக்கூடிய பிள்ளை.

“ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் சேக்கணும் விஜிக்கா. ஸ்கூல்ல இந்தக் கார்டப் பாத்துட்டு முடியாதுன்றாங்க” என்று ஓர் அட்டையை நீட்டினாள்.

கன்னடத்தில் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘மூகா’ என்றிருந்தது. ஊமை!

“யாரு இப்பிடி எழுதுனது?”

“போன வருஷம், கார்டு குடுக்குற கவர்மெண்ட் கேம்ப்ல. அப்ப நான் பெங்களூர் வந்து ரெண்டு மாசம். மகு மூகான்னு கேட்டாரு ஒரு சார். கன்னடத்துல மூகுன்னா மூக்குன்னு பக்கத்து வீட்ல கத்துக்கினேன். இவனுக்குதான் எந்நேரமும் சளியாச்சே, ஹௌது சார்னேன்.”

மகு என்றால் பிள்ளை, ஹௌது என்றால் ஆமாம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“மூகான்னா ஊமை, ஜெயா.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எம் புள்ளய நானேவா ஊமைன்னு சொன்னேன்?”

அந்த ஒரு சொல்லை நம்பி, காது கேளாத பிள்ளைகளின் வகுப்பில் ரகுவை எட்டு மாதம் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது நல்ல வகுப்புதான். இவனுக்கு அங்கே என்ன வேலை? காதைச் சோதித்துப் பார்க்க ஒருவரும் மெனக்கெடவில்லை. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாளே மூவரும் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ரகுவிடம் பெயர் கேட்டார். அவன் வாய் திறக்கவில்லை. கையைத் தூக்கி, வகுப்பில் கற்ற சைகையைக் காட்டினான்.

“நோடி, மாதாடல்ல” என்றார் அவர். பாருங்கள், பேசமாட்டான் என்று.

“வீட்லயும் இப்பல்லாம் கையதாங்க்கா காட்றான்” என்றாள் ஜெயலட்சுமி மெல்ல. இருந்த பாதிப் பேச்சும் போய்விட்டதா?

அவள் அழுதுகொண்டே, பழக்க தோஷத்தில் மகனின் ஒழுகும் மூக்கை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“வாணா!”

தலைமையாசிரியை நிமிர்ந்தார். ஜெயலட்சுமி வேண்டுமென்றே இன்னொரு முறை துடைத்தாள்.

“வாணாம்மா!” என்று கத்தினான் ரகு.

“மாதாட்தானே!” என்று அந்த அம்மாளும் கத்திவிட்டார். பேசுகிறானே என்று அவருக்கு அப்படியொரு அதிர்ச்சி. அட்டையைத் திருத்தி வாங்கும்வரை காத்திருக்காமல், அன்றைக்கே சேர்க்கைப் படிவத்தை நீட்டினார்.

ரகுவுக்குப் பேச்சுப் பயிற்சி வாரம் இரண்டு நாள் நடக்கிறது. இப்போது எங்கே கேம்ப் என்றாலும் ஜெயலட்சுமி லீவு போட்டுவிட்டு வந்து, எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். புதிதாக வரும் தமிழ்த் தாய்மார்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான்.

“மூகான்னா மூக்கு இல்லம்மா. புரியலன்னா புரியலன்னு சொல்லு. ஹௌதுன்னு மட்டும் சொல்லிடாத.”